பெயரைத் தவிர எல்லாம்

சட்டை எண் 31. இடது கைப் பழக்கம். மழித்த தலை. உயரமும் நிறமும் பந்தைக் கூடைக்குள் எறியும் தோரணையும் அச்சாக அவரேதான். பெயர் மட்டும் இல்லை.

அவர் எட் ஓபேனன். 1995இல், லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணி அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பட்டத்தை வென்றபோது அதன் நாயகன். தொழில்முறை ஆட்டத்தில் நீண்ட காலம் நிலைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, லாஸ் வேகாஸ் பக்கம் கார் விற்பனையாளராக வேலை பார்த்தபோது, நண்பர் வீட்டுத் திரையில் ஒரு வீடியோ கேமில் தன்னையே பார்த்தார். நண்பர் வீட்டார் அதைக் காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். தயாரித்தது எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம். கல்லூரி விளையாட்டை ஆளும் தேசியச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வும் பல்கலைக்கழகங்களும் உரிமக் கட்டணம் பெற்றன. ஓபேனனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு டாலரும் தரவில்லை.

2009 ஜூலையில் அவர் வழக்குத் தொடர்ந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பே சாம் கெல்லர் என்ற முன்னாள் கல்லூரிக் கால்பந்து வீரரும் நீதிமன்றத்தை அணுகியிருந்தார். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ரயன் ஹார்ட் நியூ ஜெர்ஸியில் இன்னொரு வழக்குப் போட்டார். மூவரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: என் உடம்பை விற்கும்போது எனக்கு ஏன் பங்கில்லை?

பெயர் விடுபட்டது தற்செயல் அல்ல. கல்லூரி வீரர்கள் அமெச்சூர்கள், படிப்புதவிக்கு மேல் விளையாட்டால் வருமானம் பெறக் கூடாது என்பது என்.சி.ஏ.ஏ.வின் விதி. பெயரைப் போட்டு விற்றால் விதி மீறல் அப்பட்டமாகிவிடும். எனவே பெயரை மட்டும் கழற்றிவிட்டு மற்ற எல்லாவற்றையும் வைத்துக்கொண்டார்கள். கால்பந்து கேமின் 2006 பதிப்பில் ரட்கர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்குக்கு எண் 13. உயரம் 6 அடி 2 அங்குலம், எடை 197 பவுண்டு. இடது மணிக்கட்டில் ஒரு பட்டை. ரயன் ஹார்ட்டுக்கும் அதே எண், அதே உயரம், அதே எடை, மணிக்கட்டில் அதே பட்டை. பெயர் வேண்டுமென்றால் வாங்கியவர்களே தட்டச்சு செய்துகொள்ளலாம். ரசிகர்கள் தயாரித்த முழுப் பெயர்ப் பட்டியலை மொத்தமாக ஏற்றிக்கொள்ளவும் வழி இருந்தது.

தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல. அகப்பாடலில் தலைவனின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய மரபு. நெடுநல்வாடையில் பாசறையில் இருக்கும் அரசனின் பெயரை நக்கீரர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஆனால் வேம்பு சூடிய வேல் ஒன்று பாட்டில் வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, எனவே இது அகமல்ல, புறம் என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். பெயரைச் சொன்னால்தான் ஆளைச் சுட்டியதாகும் என்று அவர் நினைக்கவில்லை. ஓர் அடையாளமே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

2013இல் இரண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. நிறுவனத்தின் வாதம் லேசானதல்ல. வீடியோ கேமும் நாவலையும் திரைப்படத்தையும் போலப் பேச்சுரிமைக்கு உட்பட்ட படைப்பே என்று 2011இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தது. நிஜ மனிதர்களை வைத்து எழுதவும் வரையவும் கலைஞனுக்கு உரிமை உண்டென்றால் கேம் தயாரிப்பவருக்கு ஏன் இல்லை? போதாததற்கு, விளையாடுபவர் விரும்பினால் வீரரின் உருவத்தை மாற்றிக்கொள்ளலாமே?

நீதிபதிகள் வேறொன்றைப் பார்த்தார்கள். படைப்பாளி அந்த மனிதரை வேறொன்றாக மாற்றியிருக்கிறாரா, அல்லது உள்ளது உள்ளபடி எடுத்துப் போட்டிருக்கிறாரா? கேமில் கல்லூரிக் கால்பந்து வீரர் கல்லூரிக் கால்பந்துதான் ஆடுகிறார். தன் மைதானத்தில், தன் எண்ணோடு ஆடுகிறார். இதில் மாற்றம் எங்கே? மே மாதம் ஹார்ட்டுக்கும் ஜூலை மாதம் கெல்லருக்கும் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. இரண்டு அமர்வுகளிலும் மூவரில் ஒருவர் மாறுபட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். படைப்புச் சுதந்திரம் பற்றிய அவர்களுடைய கவலையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

வழக்கின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 1950களில் கொலராடோவில் ஆட்டத்தில் அடிபட்டு இறந்த ஒரு கல்லூரி வீரரின் மனைவி, தொழிலாளர் இழப்பீடு கேட்டார். 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. இத்தகைய கோரிக்கைகள் பெருகிய அந்தக் காலத்தில்தான் என்.சி.ஏ.ஏ. ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. வெறும் வீரர் என்றால் ஊழியராகிவிடுவார். மாணவர் என்ற அடைமொழி அதற்குக் காப்பு. சங்கத்தைப் பல்லாண்டு நடத்திய வால்டர் பையர்ஸே இதை 1995இல் வெளியிட்ட தன் நூலில் ஒப்புக்கொண்டார். ஓபேனன் பட்டம் வென்ற அதே ஆண்டு.

அமெச்சூர் என்ற சொல்லின் மூலப் பொருள் நேசிப்பவர். ஆனால் நேசத்தின் பேரில் ஆடும் கடமை மாணவர்களுக்கு மட்டும்தான் இருந்தது. 2010இல் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை என்.சி.ஏ.ஏ. 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்றது. பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலின் உச்சியில் இருப்பவர் ஆளுநர் அல்ல, மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர்.

எதிர்த்தரப்புக்கும் வாதம் உண்டு. கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கிடைக்கின்றன. அமெரிக்காவில் அது சிறு தொகை அல்ல. வீரரின் புகழில் பாதி பல்கலைக்கழகச் சட்டையால் வந்தது. கால்பந்தும் கூடைப்பந்தும் ஈட்டும் பணத்தில்தான் பெண்கள் அணிகளும் நீச்சலும் மல்யுத்தமும் பிழைக்கின்றன. இவை எல்லாம் உண்மையே. ஆனால் இவை பணத்தை எப்படிப் பங்கிடுவது என்ற விவாதத்துக்குரிய வாதங்கள். ஒரு தரப்புக்குப் பங்கே கிடையாது என்பதற்கு இவை நியாயமாகா.

2014இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸும் உரிம நிறுவனமும் 4 கோடி டாலர், என்.சி.ஏ.ஏ. 2 கோடி டாலர் என்று சமரசத்துக்கு வந்தன. ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்களுக்குக் காசோலைகள் போயின. அதற்குள் கேம் நின்றுவிட்டிருந்தது. 2013 ஜூலையில் வந்த கால்பந்துப் பதிப்பே கடைசி. ரசிகர்களில் பலர் பழியை ஓபேனன் தலையில் போட்டார்கள். உண்மையில் எந்த நீதிமன்றமும் கேமைத் தடை செய்யவில்லை. வீரர்களுக்குப் பணம் தந்துவிட்டுத் தாராளமாக விற்றிருக்கலாம். பணம் தரக் கூடாது என்ற சங்கத்தின் விதிதான் குறுக்கே நின்றது.

விதி சரியப் பத்தாண்டு பிடித்தது. 2014 ஆகஸ்டில் நீதிபதி கிளாடியா வில்கன், இந்தத் தடை போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று ஓபேனன் வழக்கில் தீர்ப்பளித்தார். வீரர்களுக்காக ஆண்டுக்கு 5,000 டாலர் வரை ஒதுக்கிவைக்கலாம் என்ற பகுதியை 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வெட்டிவிட்டது. 2016இல் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரிக்க மறுத்தது. 2019இல் கலிஃபோர்னியா, மாணவர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விற்றுக்கொள்ளலாம் என்று சட்டம் இயற்றியது. பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 2021 ஜூனில், கல்வி சார்ந்த சலுகைகள் பற்றிய வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக நின்றார்கள். ஜூலை 1 அன்று சங்கம் இறங்கிவந்தது. பெயருக்கும் உருவத்துக்கும் மாணவர்கள் பணம் வாங்கலாம் என்றாயிற்று.

2024 ஜூலை 19 அன்று கேம் திரும்பியது. இந்த முறை எண்ணுக்குப் பின்னால் ஒளிய வேண்டியிருக்கவில்லை. 134 அணிகள், 11,000க்கும் மேற்பட்ட வீரர்கள், அவரவர் சொந்தப் பெயரோடு, அவரவர் சம்மதத்தோடு. ஆளுக்கு 600 டாலர், கூடவே கேமின் ஒரு பிரதி. அட்டையில் இடம்பெற்றவர்களுக்கும் விளம்பரத்துக்கு உதவியவர்களுக்கும் தனித் தொகை.

ஒரு மனக்கணக்குப் போடலாம். வெளியானபோது கேமின் விலை ஏறக்குறைய 70 டாலர். ஒரு வீரர் பெற்றது ஒன்பது பிரதிகளின் விலைகூட இல்லை. 11,000 பேருக்கும் சேர்த்து 66 லட்சம் டாலர். முதல் வாரத்திலேயே 50 லட்சத்துக்கும் அதிகமானோர் விளையாடினார்கள். அமெரிக்காவில் அதுவரை வந்த விளையாட்டுக் கேம்களில் விற்பனைத் தொகையில் இதுவே முதலிடம் பிடித்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மூன்றாம் நிலை வீரருக்கு 600 டாலர் லாபம்தான் என்று சொல்லலாம். அதுவும் சரி. ஆனால் அந்தத் தொகையை நிர்ணயித்தது யார் என்று பார்க்க வேண்டும். வாங்குபவரே விலை சொன்னார். விற்பவருக்கு இருந்த உரிமை ‘சரி’ அல்லது ‘வேண்டாம்’ என்பது மட்டுமே. ஒருவர் வேண்டாம் என்றால் அவர் இடத்தில் கற்பனை வீரர் ஒருவர் வந்து நிற்பார், கேம் ஓடும். டெக்ஸஸ் அணியின் ஆர்ச் மேனிங் போன்ற நட்சத்திரம் முதலில் மறுத்து, ஆகஸ்டில் சேர்ந்துகொண்டது செய்தியாயிற்று. பெயர் தெரியாத தடுப்பாட்டக்காரர் மறுத்தால் யாருக்குத் தெரியும்?

அதே நிறுவனம் தயாரிக்கும் தொழில்முறைக் கால்பந்து கேமில் நிலைமை வேறு. அங்கே வீரர்களின் உருவ உரிமைக்கு அவர்களுடைய சங்கம் மொத்தமாகப் பேரம் பேசுகிறது. கல்லூரி வீரர்களுக்கு அப்படி அங்கீகாரம் பெற்ற சங்கம் இல்லை. 2023இல், ஆளுக்கு 500 டாலர் என்று முதலில் செய்தி கசிந்தபோது, அவர்களுக்காகப் பேசும் ஓர் அமைப்பு புறக்கணிக்கச் சொல்லிக் குரல் கொடுத்தது. முடிவில் கிடைத்தது 600. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள் சங்கம் அமைக்க எடுத்த முயற்சியில் தலையிட 2015இல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் மறுத்துவிட்டது. டார்ட்மவுத் கல்லூரியின் கூடைப்பந்து வீரர்கள் 2024 மார்ச்சில் 13-2 என்று வாக்களித்துச் சங்கம் கண்டார்கள். அந்த ஆண்டின் கடைசி நாளில் அவர்களுடைய மனு திரும்பப் பெறப்பட்டது.

2025 ஜூனில் அதே வில்கன் இன்னொரு பெரும் சமரசத்துக்கு ஒப்புதல் தந்தார். பழைய பாக்கிக்காகப் பத்தாண்டுகளில் சுமார் 280 கோடி டாலர். இனிமேல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு சுமார் 205 லட்சம் டாலர். அமெச்சூர் கோட்டை இடிந்தது. ஆனால் அந்த உச்சவரம்பும் தொழில்முறை லீகுகளில் நடப்பதுபோல ஒரு தொழிற்சங்கத்தோடு பேசி முடிவானது அல்ல.

இந்திய ரசிகர்களுக்கும் இது தூரத்துக் கதை அல்ல. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸின் கிரிக்கெட் 07 கேமை ஆடி வளர்ந்த தலைமுறைக்கு, அதில் இந்திய வீரர்களின் பெயர்கள் எழுத்து மாறி வந்தது நினைவிருக்கும். உரிமம் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் மட்டுமே பெறப்பட்டிருந்தது. 2002இல் சாம்பியன்ஸ் கோப்பைக்கு முன்பு நம் முன்னணி வீரர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முரண்டு பிடித்ததும், தங்கள் முகத்தை யார் எந்த விளம்பரத்துக்கு விற்கலாம் என்ற தகராறில்தான். 2023 ஏப்ரலில், இணைய விளையாட்டு ஒன்றின் டிஜிட்டல் அட்டைகளில் கிரிக்கெட் வீரர்களின் பெயரும் வரைந்த உருவமும் பயன்பட்டதற்கு எதிரான வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. எல்லோருக்கும் தெரிந்த தகவலைப் பயன்படுத்துவது பேச்சுரிமைக்குள் அடங்கும் என்பது அதன் பார்வை. அமெரிக்க நீதிமன்றங்கள் போன வழிக்கு ஏறக்குறைய எதிர்த்திசை.

நம் நாட்டில் பல்கலைக்கழக அணிகளிலும் மாநில அணிகளிலும் ஆடும் கபடி வீரருக்கும் தடகளப் பெண்ணுக்கும் இந்தக் கேள்வி இன்னும் வரவில்லை. அவர்களுடைய ஓட்டத்தையும் பிடியையும் யாராவது ஒரு நாள் திரையில் ஏற்றி விற்கும்போது வரும். பெயரைப் போடுவார்களா என்பதோடு கேள்வி நின்றுவிடக் கூடாது. அமெரிக்க மாணவர்களுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. விலை பேசும் மேசையில் நாற்காலி கிடைக்கவில்லை.