குழந்தைகளின் நீதிமன்றத்தில் பெரியவரின் இடம்

பெரியவர்களின் கண்காணிப்பைக் குறைத்து, குழந்தைகளே தம்மை ஆண்டுகொள்ளும் இல்லங்களை அமைக்கும் முயற்சிகள் நூறாண்டுக்கு மேலாக நடந்துவருகின்றன. அவற்றின் உறுதியை அளக்க, குழந்தைகளுக்கு எவ்வளவு அதிகாரம் வழங்கப்பட்டது என்பதைவிட, பெரியவரிடம் எஞ்சிய அதிகாரம் எந்த விதிக்குக் கட்டுப்பட்டது என்பதே சரியான கேள்வியாகும். 1895-இல் நியூயார்க் மாநிலத்தின் ஃப்ரீவில்லில் வில்லியம் ஜார்ஜ் தொடங்கிய சிறார் குடியரசு, காவலர், சிறை, தனி நாணயம் என்று பெரியவர் அரசின் உறுப்புகளையே சிறிதாக்கி வைத்துக்கொண்டதால், அக்கேள்வியை எழுப்பவே இல்லை.

அதை எழுப்பியவர் மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக். 1912-இல் வார்சாவின் க்ரொக்மால்னா தெருவில் திறக்கப்பட்டு, அவரும் ஸ்டெஃபானியா வில்ச்சின்ஸ்காவும் நடத்திய யூத அநாதைக் குழந்தைகள் இல்லத்தில், மனக்குறை உள்ள குழந்தை தன் பெயரையும் எதிராளியின் பெயரையும் பலகையில் எழுதினாலே வழக்குப் பதிவாகிவிடும். அந்த வாரத்தில் தம் மீது வழக்கு இல்லாத குழந்தைகளிலிருந்து சீட்டுக் குலுக்கி ஐவர் நீதிபதிகளாக அமர, ஆசிரியர் ஒருவர் வாக்குமூலங்களைத் திரட்டிப் படித்துக் காட்டும் செயலராக மட்டும், வாக்குரிமையின்றி இருப்பார். இதற்கெனக் கோர்ச்சாக் எழுதிய சட்டத்தொகுப்பில் நூறுக்குக் கீழ்ப்பட்ட பிரிவுகள் அனைத்தும் மன்னிப்பையோ வழக்கைக் கைவிடுவதையோ குறித்தன. குற்றத்தைச் சுட்டும் பிரிவுகள் நூறிலிருந்து தொடங்கி, இல்லத்தைவிட்டு நீக்கும் ஆயிரமாவது பிரிவில் முடிந்தன. சிறு குழந்தைகள் கடுந்தண்டனையையே நியாயமானதாகக் கருத முனைவர் என்று உளவியலாளர் பியாஜே 1932-இல் எழுதியதை நினைத்தால், தண்டனையைக் கண்டுபிடிக்கும் வேலையை நீதிபதிகளிடம் விடாமல், மன்னிப்பையே எளிதில் கைக்கெட்டும் தீர்ப்பாக வைத்த இவ்வமைப்பின் நுட்பம் விளங்கும்.

இத்தனை கவனத்துடன் வகுத்தும் அந்நீதிமன்றம் ஒரு கட்டத்தில் ஏளனத்துக்கு ஆளாகி, சிறிது காலம் நிறுத்தப்பட்டு, மேல்முறையீட்டுக்கும் பெரியவர்கள் மீது வழக்குத் தொடுப்பதற்கும் இடமளிக்கும் திருத்தங்களுடனேயே மீண்டும் கூடியது. அரையாண்டுக்குள் கோர்ச்சாக்கே ஐந்து முறை வழக்குக்கு உள்ளானார். சிறுவன் ஒருவனைக் காதில் அறைந்தது அவற்றில் ஒன்று. குழந்தைகளுக்கு வாக்குரிமை வழங்கும் இல்லங்கள் பல இருக்கலாம். நிறுவனரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் இல்லங்கள் அரிது.

ஆயினும் உள்மன்றம் தீர்க்க இயலாத, தீர்க்கக் கூடாத புகார்களும் உண்டு. ஹோமர் லேன் 1913 முதல் இங்கிலாந்தின் டார்செட்டில் நடத்திய, குற்றம் புரிந்த இளையோரும் வாழ்ந்த ‘சிறு பொதுநலவாய’த்தில் அன்றாட வழக்குகளை அங்கு வாழ்ந்தோரே விசாரித்தனர், ஆனால் லேன் மீதே சிறுமிகள் குற்றம் சாட்டியபோது உள்துறை அமைச்சகமே விசாரிக்க நேர்ந்து, 1918-இல் அவ்விடம் மூடப்பட்டது. லேனிடம் ஊக்கம் பெற்ற ஏ. எஸ். நீல் 1921-இல் தொடங்கிய சம்மர்ஹில் பள்ளியோ, பொதுக்கூட்டத்தில் குழந்தைக்கும் ஆசிரியருக்கும் தலைக்கு ஒரு வாக்கு அளித்துவிட்டு, பணியாளர் நியமனம், நிதி ஆகியவற்றைப் பெரியவர் பொறுப்பிலேயே நிறுத்திக்கொண்டது. இதைக் குறையாகக் காண்போர் உண்டெனினும், கொடுக்காத அதிகாரத்தைக் கொடுத்ததாகப் பாவனை செய்வதைவிட இது நேர்மையானதே.

இந்தியாவில் இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் ஒவ்வொரு குழந்தைகள் இல்லத்திலும் குழந்தைகள் குழுக்களை அமைக்கச் சொல்கின்றன. அக்குழுவின் குறிப்பேட்டில் உணவும் விளையாட்டும் மட்டுமே இடம்பெற்று, பணியாளர் மீதான ஒரு புகார்கூடப் பதிவாகாத ஆண்டை நல்லாண்டு என்று பொறுப்பாளர் எண்ணிவிடலாகாது. புகார் எழுதும் குழந்தையைப் பழிவாங்கலிலிருந்து காக்கும் ஏற்பாடு என்ன, இல்லத்துக்கு வெளியிலுள்ள குழந்தைகள் நலக்குழுவையோ 1098 என்ற உதவி எண்ணையோ யாருடைய அனுமதியும் இல்லாமல் அக்குழந்தையால் அணுக முடியுமா என்பவற்றை அவர் முதலில் சோதித்தறிய வேண்டும்.