வடம் பிடிப்போரும் கட்டை இடுவோரும்

அம்பாசமுத்திரத்திலிருந்து தென்காசி செல்லும் வழியில், மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில், கடனா நதி பாயும் செழிப்பான பகுதியில் அமைந்த ஊர் ஆழ்வார்குறிச்சி. அருகில் உள்ள சிவசைலத்தில் மேற்கு நோக்கி வீற்றிருக்கும் சிவசைலநாதரும் அன்னை பரமகல்யாணியும் பங்குனித் திருவிழாவின்போது இவ்வூருக்கு எழுந்தருளித் தேரேறி வீதியுலா வருவர். அந்தத் தேரோட்டத்தைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு, பலர் கூடி ஒரு காரியத்தைச் செய்து முடிப்பது எவ்வாறு என்பதைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை.

வடம் பிடிப்போர் எல்லோர் கண்ணிலும் படுவர். தேருக்குப் பின்னால் சக்கரத்தில் தடி கொடுத்து உந்துவோரைச் சிலரே கவனிப்பர். சக்கரத்தின் அருகிலேயே குனிந்து நடந்து, முட்டுக்கட்டை இடுவோரைக் கவனிப்போர் இன்னும் குறைவு. ஆனால் அத்தனை பேருடைய உயிரும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஓடத் தொடங்கிய தேர் தானாக நிற்காது. எந்த நொடியில், எந்தச் சக்கரத்தில், எந்தப் பக்கமாகக் கட்டையை இட்டால் தேர் நிற்கும், எப்படி இட்டால் திரும்பும் என்பதை அவர்கள் அறிவார்கள். பேச்சு வழக்கில் "முட்டுக்கட்டை போடாதே" என்று கடிந்துகொள்கிறோம். தேரோட்டத்திலோ முட்டுக்கட்டை இடுபவர் இல்லையேல் வடத்தில் யாரும் கை வைக்கவே கூடாது.

ஆயிரம் பேர் வடம் பிடிக்க வந்தால் மட்டும் தேர் ஓடிவிடாது. இழுப்பவர், உந்துபவர், நிறுத்துபவர், வழி பார்த்துக் குரல் கொடுப்பவர் என வெவ்வேறு வேலை தெரிந்தவர்கள் வேண்டும். ஒருவர் வேலையில் மற்றவர் கை வைக்காத நம்பிக்கையும் வேண்டும்.

இதே ஊரைச் சேர்ந்த ஒருவர், தொழில் உலகில் ஒரு பெரிய தேரை ஓட்டிக் காட்டினார். அவர்தாம் எஸ். அனந்தராமகிருஷ்ணன். சென்னையில் 1840-இல் குதிரை வண்டி கட்டும் தொழிலில் தொடங்கிய சிம்சன் நிறுவனம் நெடுங்காலம் ஆங்கிலேயர் வசம் இருந்தது. அதில் பொறுப்பேற்று, படிப்படியாகத் தலைமை இடத்துக்கு உயர்ந்தவர் அவர். 1938-இல் உருவான தாய் நிறுவனத்தின் பெயர் அமால்கமேஷன்ஸ். பலவற்றை ஒன்றாக இணைத்தல் என்பதே அதன் பொருள். பெயருக்கேற்ப அவர் செய்ததும் இணைக்கும் பணிதான்.

டீசல் என்ஜின் செய்யும் தொழில்நுட்பம் இங்கே இல்லாத காலத்தில், அதனை அறிந்த இங்கிலாந்தின் பெர்கின்ஸ் நிறுவனத்துடன் சிம்சன் கைகோத்தது. என்ஜினுக்குள் இயங்கும் பிஸ்டன்களைச் செய்ய 1949-இல் இந்தியா பிஸ்டன்ஸ் தோன்றியது. உழவருக்கான டிராக்டர் செய்ய, மாசி பெர்குசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1960-இல் டாஃபே தொடங்கப்பட்டது. ஒரு நிறுவனம் என்ஜின் செய்ய, மற்றொன்று அதன் உறுப்பைச் செய்ய, வேறொன்று அந்த என்ஜினைப் பொருத்தி வயலுக்கு அனுப்பியது. தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரைத் தேடிச் சென்று சேர்த்துக்கொள்வதில் அவர் குறைவு எதையும் காணவில்லை.

ஒரு குழுவின் உண்மையான வலிமை, அதைக் கட்டியவர் இல்லாத நாளில்தான் தெரியும். 1964-இல் அனந்தராமகிருஷ்ணன் காலமானார். டாஃபே தொடங்கி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் ஒருவரை நம்பியே எல்லாம் நடந்திருந்தால் அன்றே தேர் நடுவீதியில் நின்றிருக்கும். அவ்வாறு நிற்கவில்லை. ஊர்த் தெய்வத்தின் பெயரைத் தாங்கிய அவருடைய மகன் சிவசைலம் பொறுப்பேற்றார். பின்னர் அடுத்த தலைமுறையும் வந்தது. இன்று டாஃபே உலகின் முன்னணி டிராக்டர் நிறுவனங்களுள் ஒன்று. ஆழ்வார்குறிச்சியில் அன்னையின் பெயரால் ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி விளங்குகிறது.

குழுவின் தலைவருக்கு இருக்க வேண்டிய குணம் ஒன்றைச் சிவசைலத்தின் தலபுராணம் சொல்கிறது. பாண்டிய மன்னனுக்குப் பிரசாதமாக அளித்த மாலையில் ஒரு தலைமுடி இருந்தது. மன்னன் சினந்து வினவ, அஞ்சிய அர்ச்சகர், "இறைவனுக்குச் சடை உண்டு, அது அவருடைய முடியே" என்று சொல்லிவிட்டார். மன்னன் சடையைக் காட்டுமாறு கேட்டான். நெடுநாள் தமக்குத் தொண்டு செய்தவரை அந்த நொடியில் கைவிடாமல், பெருமான் சடையுடன் காட்சி தந்தார் என்பர். லிங்கத் திருமேனியின் பின்புறம் சடை போன்ற கோடுகள் இருப்பதாகப் பக்தர்கள் இன்றும் கண்டு வணங்குகின்றனர்.

உழைத்தவர் ஒருமுறை தவறினால், ஊரார் முன் அவரைத் தள்ளிவிடாமல் தாமே முன்னின்று தாங்குபவரே தலைவர். அத்தகைய தலைவரிடம் பணியாற்றுவோர் உண்மையை மறைக்க மாட்டார்கள். ஆனால் பிழை வேறு, களவு வேறு. வங்கிகளில் பணப் பெட்டகத்தின் சாவிகளை இரு அதிகாரிகளிடம் பிரித்துக் கொடுப்பர். ஒருவர் மட்டும் வந்தால் பெட்டகம் திறக்காது. இருவரில் யாரையும் சந்தேகிப்பதாக அதற்குப் பொருள் இல்லை. பின்னாளில் இருவர் மீதும் பழி விழாமல் காப்பதற்கே அந்த ஏற்பாடு. கோயில் உண்டியலைப் பலர் முன்னிலையில் திறந்து எண்ணுவதும் இதற்காகவே. அன்புக்கு ஒரு சாவி, கணக்குக்கு ஒரு சாவி என இரண்டும் இருந்தால் குழு நிலைக்கும்.

இன்று பல ஊர்களில் திருப்பணிக் குழுக்கள் உற்சாகமாகத் தொடங்குகின்றன. பாலாலயம் முடிந்து, விமான வேலை பாதியில் நிற்கும்போது குழு இரண்டாகப் பிரிகிறது. சாரம் மட்டும் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. பணக்குறை மட்டும் அதற்குக் காரணமாக இருப்பதில்லை. எல்லோரும் வடத்தின் முன்வரிசையையே விரும்பியதும், கட்டை இடவும் கணக்கு எழுதவும் ஆள் இல்லாமற் போனதும், "இது சரியில்லை" என்று நிறுத்திச் சொன்னவரைப் பகைவராகக் கருதியதும் காரணங்களாகின்றன. குழுவைச் சேர்க்கும்போதே, நம்முடன் ஒத்துப் போகிறவரோடு நிறுத்திக்கொள்ளாமல், நமக்குத் தெரியாத வேலையைத் தெரிந்தவரையும், தவறான இடத்தில் நிறுத்தத் துணிந்தவரையும் தேடிச் சேர்க்க வேண்டும்.

மூத்தோருக்கு மேலும் ஒரு கடமை உண்டு. வடத்தை விட மனம் வராமல் பற்றிக்கொண்டே இருந்தால், இளையவர்கள் கை வைக்க இடம் இருக்காது. உடம்பில் வலு இருக்கும்போதே ஓர் இளைஞரைப் பக்கத்தில் நிறுத்தி, கட்டை இடும் நுட்பத்தையும் கணக்குப் புத்தகத்தையும் அவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் முதலில் தவறு செய்வார். சிவசைலத்துப் பெருமானைப் போல அப்போது தாங்க வேண்டும்.

தேர் நிலைக்கு வந்து சேர்ந்தபின், அதை இழுத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. அம்மையப்பர் நலமாக வந்து சேர்ந்தார்கள் என்பதே எல்லோருக்கும் நிறைவு. வீதியோரத் திண்ணையில் அமர்ந்து, தாம் பழக்கிய கைகள் வடம் பிடித்துச் செல்வதைக் கண்டு கைகூப்பும் முதியவருக்கு அந்த நிறைவு இருமடங்காகக் கிட்டும்.