பலகையை வரையும் கையும் நமதாகட்டும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். மின்னியலும் மின்னணுவியலும் பயிலும் நம் மாணவர்கள் பலருக்கு இப்பழமொழி நன்றாகவே பொருந்தும். ஓம் விதியை உறக்கத்திலும் ஒப்பிப்போம். கிர்க்காஃப் விதிகளைக் கொண்டு பக்கம் பக்கமாகச் சமன்பாடுகளைத் தீர்ப்போம். ஆனால், அதே மின்சுற்றை ஒரு பலகையாக வடிவமைத்துக் கையில் கொடுங்கள் என்றால் தயங்கி நிற்போம். இறுதியாண்டு ஆய்வுத் திட்டம் கழுத்தை நெரிக்கும்போதுதான் பலர் மின்சுற்றுப் பலகை வடிவமைக்கும் மென்பொருளை முதன்முறையாகத் திறக்கிறார்கள். அதுவரை காத்திருக்கலாகாது, முதலாண்டிலேயே தொடங்கிவிட வேண்டும் என்பதே என் கருத்து.

பிற துறை நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கைப்பேசி, வானொலி, ரிமோட் என எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு பலகை இருக்கும், பெரும்பாலும் பச்சை நிறத்தில். கண்ணாடி இழையால் ஆன அத்தட்டு வழக்கமாக 1.6 மில்லிமீட்டர் தடிப்புடையது. அதன்மேல் ஏறத்தாழ 35 மைக்ரான் செம்புப் படலம் ஒட்டப்பட்டிருக்கும். வேண்டாத செம்பை அரித்து நீக்கினால் எஞ்சும் கோடுகளே மின்கம்பிகளின் வேலையைச் செய்கின்றன. வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுவதைப் போன்றதுதான் இதுவும். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. கோலத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால் அழகு. பலகையின் ஒரே அடுக்கில் வெவ்வேறு இணைப்புகள் வெட்டிக்கொண்டால் குறுக்குமின்சுற்று!

இது நமக்கு ஏன் முக்கியம்? 1972-ஆம் ஆண்டு பினாங்கு பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப மண்டலம் தொடங்கியது. இன்டெல் நிறுவனமும் அவ்வாண்டிலேயே அங்குக் காலூன்றியது. அன்றிலிருந்து நம் குடும்பங்கள் பலவற்றுக்கு மின்னணுத் தொழிற்சாலைகள் சோறு போட்டு வருகின்றன. என் அம்மாவும் அப்பகுதித் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை செய்தவர். உருப்பெருக்கியின் கீழ் வரும் பலகைகளில் ஈயப்பற்று சரியாக உள்ளதா என்று பார்ப்பது அவர் வேலை. பார்த்த மாத்திரத்தில் எந்தக் கால் பற்றவில்லை என்று சொல்லிவிடுவார். "இதையெல்லாம் யாரும்மா வரையுறாங்க?" என்று சிறு வயதில் நான் கேட்டதுண்டு. "அது வெளிநாட்டுல இருந்து வருது" என்பார்.

இன்று நிலைமை மாறிவிட்டது. வடிவமைப்புப் பணிகள் நம் நாட்டிலேயே நடக்கின்றன. 2024 மே மாதம் அரசாங்கம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகத் திட்டம், 60,000 உயர்திறன் பொறியியலாளர்களை உருவாக்க இலக்கு வைத்துள்ளது. சில்லு வடிவமைப்பு வேறு, பலகை வடிவமைப்பு வேறு என்பது உண்மையே. ஆயினும், எந்தச் சில்லும் ஒரு பலகையில் அமர்ந்தால்தானே வேலை செய்யும்? பலகையைச் சோதித்த தலைமுறையின் பிள்ளைகள் பலகையை வரையும் தலைமுறையாக உயர வேண்டாமா?

சரி, எந்த மென்பொருளில் தொடங்குவது? தொழில்துறையில் பெயர்பெற்ற அல்டியம் போன்றவற்றின் உரிமத்துக்கு ஆயிரக்கணக்கான ரிங்கிட் வேண்டும். அதற்காகத் திருட்டுப் பிரதியைத் தேடி ஓடுவது பொறியியலாளராகப் போகிறவருக்கு அழகல்ல. நான் பரிந்துரைப்பது கீகேட். 1992-இல் ழான் பியேர் ஷராஸ் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மென்பொருள் இது. 2013 முதல் செர்ன் ஆய்வுக்கூடமும் இதன் வளர்ச்சிக்குக் கை கொடுத்தது. முற்றிலும் இலவசம்; பலகையின் அளவுக்கும் அடுக்குகளுக்கும் காசு கேட்டுக் கட்டுப்பாடு விதிப்பதில்லை.

இலவசம் என்பது மட்டும் காரணமன்று. ஒரு காலத்தில் மாணவர்கள் விரும்பிப் பயன்படுத்திய ஈகிள் மென்பொருளை எண்ணிப் பாருங்கள். அதன் இலவசப் பதிப்பு இரண்டு அடுக்குகளுக்கும் 80 சதுர சென்டிமீட்டருக்கும் மேல் அனுமதிக்கவில்லை. 2016-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதை வாங்கியது. பின்னர், 2026 ஜூன் 7-உடன் அதனை நிறுத்திக்கொள்வதாக 2023-இல் அறிவித்தது. ஒரு நிறுவனம் மனம் மாறினால் நாம் கற்ற கருவியே கைவிட்டுப் போகிறது. மூலநிரல் திறந்திருக்கும் மென்பொருளுக்கு அந்த அச்சம் குறைவு.

தொடங்குவோர் முதலில் கணினியைத் திறக்க வேண்டாம். தாளையும் பென்சிலையும் எடுங்கள். பத்துக்கும் குறைவான பாகங்கள் கொண்ட மின்சுற்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 555 டைமர் சில்லு, 1 கிலோஓம், 68 கிலோஓம் மின்தடைகள், 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஆகியவற்றைக் கொண்டு எல்இடி விளக்கை வினாடிக்கு ஏறத்தாழ ஒரு முறை மின்னச் செய்யலாம். அதுவே போதும். அதைத் துளைப்பலகையில் செருகி ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு மென்பொருளில் மின்சுற்று வரைபடமாக வரையுங்கள். அடுத்து ஒவ்வொரு பாகத்துக்கும் ஃபூட்பிரிண்ட் தேர்ந்தெடுங்கள். அதாவது, பாகத்தின் கால்கள் பலகையில் பதியும் இடத்தின் அளவுப்படம். அதன்பின் பாகங்களை அடுக்கிச் செம்புக் கோடுகளை இழுங்கள். இறுதியில் விதிச்சோதனையை ஓட்டி, கெர்பர் கோப்புகளை எடுத்தால் தொழிற்சாலைக்கு அனுப்பலாம்.

இவற்றுள் புதியவர்கள் பெரிதும் சறுக்குவது ஃபூட்பிரிண்டில்தான். அதே 555 சில்லு துளையில் செருகும் வடிவில் வந்தால் கால்களுக்கிடையே 2.54 மில்லிமீட்டர், பலகையின் மேலேயே ஒட்டும் சிறிய வடிவில் வந்தால் 1.27 மில்லிமீட்டர். வரைபடத்தில் இரண்டும் ஒரே சின்னம்! விதிச்சோதனையும் இதைக் கண்டுபிடிக்காது, ஏனெனில் நீங்கள் பெட்டியில் வைத்திருக்கும் பாகம் எதுவென்று அதற்குத் தெரியாது. மருந்து எளிது. பலகையின் படத்தை முழு அளவில் தாளில் அச்சிட்டு, வாங்கிய பாகங்களை அதன்மேல் வைத்துப் பாருங்கள். பத்து சென் செலவில் இரண்டு வாரக் காத்திருப்பு மிச்சம். சீனத் தொழிற்சாலைகள் 10 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கும் பலகைகள் ஐந்தைச் சில டாலருக்குச் செய்து தருகின்றன. பலகையின் விலையைவிட அஞ்சல் செலவே கூடுதலாக இருக்கும். ஆகவே, நண்பர்கள் சேர்ந்து அனுப்பினால் சுமை குறையும்.

"தானாகக் கோடு இழுக்கும் வசதி இருக்கும்போது நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். எந்த மின்தேக்கி சில்லின் மின்வழங்கு காலுக்கு அருகில் இருக்க வேண்டும், எந்தக் கோடு அதிக மின்னோட்டத்தைத் தாங்க அகலமாக இருக்க வேண்டும் என்பதை அறிந்தவருக்குத்தான் கருவி வரைந்தது சரியா தவறா என்று தெரியும்.

இன்னொரு கேள்வியும் எழும். மின்சுற்றுப் பலகைக்கும் தமிழ்மொழிக் கழகத்துக்கும் என்ன தொடர்பு? நான் தமிழ்ப்பள்ளியில் படித்து, தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்று, இன்று ஆங்கிலத்தில் பட்டப்படிப்பைத் தொடர்பவள். மின்கலன், விசை, மின்சுற்று ஆகிய சொற்களைத் தமிழில் கற்றதால் எனக்கு எந்த நட்டமும் ஏற்படவில்லை. கருத்து ஒருமுறை தெளிந்துவிட்டால் மலாயிலும் ஆங்கிலத்திலும் பெயரை மாற்றிக்கொள்வது எளிது. மென்பொருளின் பட்டியல்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். வேலையிடத்தில் அதுதான் தேவை. ஆனால், 'இதை ஏன் செய்கிறோம்' என்பதைத் தமிழில் விளக்கும் கையேடு ஒன்று இருந்தால், கேள்வி கேட்கக் கூச்சப்படும் முதலாண்டு மாணவனும் துணிந்து தொடங்குவான். பட்டிமன்றமும் நாடகமும் நடத்தும் கழகம் இதையும் செய்யலாம். புழங்காத மொழி எப்படி வளரும்?

எனவே, கழகச் செயலவைக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த தவணை விடுமுறைக்குமுன் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். மடிக்கணினி உள்ளவர்கள் கொண்டு வரட்டும், இல்லாதவர்கள் பக்கத்தில் அமரட்டும். பினாங்கிலும் கூலிமிலும் இத்துறையில் பணியாற்றும் முன்னாள் மாணவர்களே, அண்ணன்மார்களே, அக்காமார்களே! மேடையில் பொன்னாடை ஏற்க உங்களை அழைப்பதோடு எங்கள் கடமை முடிந்துவிடாது. எங்கள் பலகைகளைப் பார்த்துக் குறை சொல்ல ஒரு நாள் வாருங்கள். பலகையை அனுப்புமுன் குறை சொல்ல ஒருவர் இருப்பதே எங்களுக்குப் பெரிய உதவி.