பாய்மரம் தேடி வந்தவன்

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக் கடலில் அடித்த புயலில் ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் தன் பெரிய பாய்மரத்தை இழந்தது. கிழக்கிந்தியக் கம்பனிக்காக ஓடிய கப்பல் அது. புதிய மரம் பூட்டவும், பூட்டும் வரைக்கும் கொஞ்சம் வியாபாரம் பார்க்கவும் கொட்டியாரக் குடாவுக்குள் வந்து நங்கூரம் போட்டது. அடுத்த ஆண்டு கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள், கப்தானையும் அவருடைய மகனையும் சேர்த்துப் பதினாறு பேரைப் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் தோப்பூரில் மோட்டார் சைக்கிளை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேரக்கூடிய மூதூர்க் கரையில் நடந்தது இது. தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர், ரொபர்ட் நொக்ஸ். மகனுக்கு அப்போது வயது பத்தொன்பது. தகப்பன் 1661 இல் காய்ச்சலில் இறந்துபோனார். மகன் பத்தொன்பது வருடம் அந்த மண்ணிலே உயிர்பிழைத்து, 1679 இல் தப்பி, 1681 இல் இலண்டனில் தன் அனுபவத்தை நூலாக வெளியிட்டார்.

டானியல் டீஃபோ அந்த நூலை நன்றாகப் படித்தவர். தன்னுடைய ‘கப்டன் சிங்கிள்ரன்’ நாவலில் நொக்ஸின் கதையைச் சுருக்கியே எழுதி வைத்திருக்கிறார். 1719 இல் அவர் எழுதிய ‘ரொபின்சன் குரூசோ’விலும் நொக்ஸின் சாயல் இருப்பதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆளில்லாத் தீவில் ஒருவன் ஒவ்வொரு பொருளாகச் செய்து, ஒவ்வொரு தொழிலாகக் கற்று வாழும் கதை அது. இன்று பிள்ளைகள் விரும்பி விளையாடும் உயிர்பிழைப்பு விளையாட்டுகளுக்குக் குரூசோ பாட்டன் என்றால், நொக்ஸ் பூட்டன். அந்தப் பூட்டன் எங்கள் குடாவில் பிடிபட்டவர் என்பதால்தான் இந்த வாரம் இதை எழுதத் தோன்றியது.

என் மருமகன் இப்படியான விளையாட்டொன்றில் மூழ்கிக் கிடந்தான். பெரிய காடு, ஆறு, மலை, எந்தத் திசையிலும் நடந்து போகலாம். மரம் வெட்டினான், கல் பொறுக்கினான், மானுக்குப் பின்னால் ஓடினான். நானும் பக்கத்தில் இருந்து ஆசையோடு பார்த்தேன். பிறகு திரையில் இருந்த மனிதன் ஒரு மேசைக்கு முன்னால் போய் நின்றான். ஒரு கோடு மெல்ல நிறைந்துகொண்டிருந்தது.

“என்ன செய்றான் மகன்?” என்று கேட்டேன்.

“ஆராய்ச்சி நடக்குது மாமா. இரும்பு உருக்கப் படிக்கிறான். முடியுறத்துக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டான்.

இரும்பு உருக்கக் கற்பதென்றால் மனித வரலாற்றிலேயே எவ்வளவு பெரிய விஷயம்! விளையாட்டில் மிகச் சுவையாக இருக்கவேண்டிய அந்த இடத்திலே பிள்ளை எழுந்து போகிறான் என்றால், அந்த இடத்தை அமைத்த விதத்தில் எங்கேயோ பிழை இருக்கிறது.

பிழையின் வேரைத் தேடினால் அது பழைய பலகை விளையாட்டு ஒன்றில் போய் நிற்கிறது. 1980 இல் பிரான்சிஸ் டிரெஷம் ‘சிவிலைசேஷன்’ என்ற பலகை விளையாட்டை வெளியிட்டார். ஒன்றைக் கற்றுக்கொண்டால் அடுத்ததைப் பெறுவது எளிதாகும் என்ற ஏற்பாடு அதில் இருந்தது. 1991 இல் சிட் மையர் அதே பெயரில் உருவாக்கிய கணினி விளையாட்டு, அந்த ஏற்பாட்டை உலகம் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது. தொழில்நுட்ப மரம் என்று அதற்குப் பெயர் விழுந்தது. அந்த விளையாட்டுகளை ஆடுபவர் ஓர் அரசரின் இடத்தில் இருக்கிறார். மட்பாண்டம் வேண்டும், எழுத்து வேண்டும், இரும்பு வேண்டும் என்று கட்டளை இடுகிறார். நாட்டின் செல்வம் செலவாகிறது, காலம் ஓடுகிறது, தொழில் வந்து சேர்கிறது. அரசருக்கு அது பொருத்தமான முறைதான். உலைக்களத்துப் புகையில் அவர் இருமவேண்டியதில்லை.

உயிர்பிழைப்பு விளையாட்டிலோ ஆடுபவர் தனி மனிதன். பசிக்கிறது, குளிர்கிறது, கையில் ஒன்றுமில்லை. அவனுக்கும் அரசரின் மரத்தையே கொடுத்துவிட்டார்கள். ‘ஆர்க்’ விளையாட்டில் புள்ளிகளைச் செலவழித்து, ஒரு விலங்கைக் கண்ணால் காணாமலே அதற்குச் சேணம் செய்யக் கற்றுவிடலாம். ‘ரஸ்ட்’ விளையாட்டைச் செய்தவர்கள் 2016 இல் மட்டும் கற்றல் முறையை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை மாற்றிப் பார்த்தார்கள். பின்னர் பழைய உலோகத் துண்டுகளைச் சேர்த்துக் கொடுத்து, மரத்தின் கிளைகளை ஒவ்வொன்றாகத் திறக்கும் முறைக்கு வந்தார்கள். இராஜசிங்கனுக்கு ஏற்ற திரையை நொக்ஸின் கையில் கொடுத்தால் எப்படிப் பொருந்தும்?

நொக்ஸ் உண்மையில் கற்ற விதத்தைப் பாருங்கள். கைதிகளை மன்னன் ஊர் ஊராகப் பிரித்து வைத்திருந்தான். ஊரார் சோறு கொடுத்தார்கள். உடுப்புக் கிழிந்தது, வாங்கக் காசில்லை. சமைத்த சோற்றுக்குப் பதிலாக அரிசியாகவே தாருங்கள் என்று கேட்டு வாங்கி, மிச்சம் பிடிக்கத் தொடங்கினார்கள். நூலில் தொப்பி பின்னக் கற்றுக்கொண்டார்கள். தொப்பி நன்றாக விற்றது. ஒரு கிழவரிடம் இருந்த ஆங்கில பைபிள், பின்னிய தொப்பி ஒன்றுக்கு மாற்றாகத்தான் நொக்ஸின் கைக்கு வந்தது. பிறகு எல்லாரும் பின்னப் பின்னத் தொப்பி மலிந்து விலை விழுந்தது. அடுத்த தொழிலைத் தேடினார்கள். நொக்ஸ் பன்றியும் கோழியும் வளர்த்தார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், பொதி சுமந்து ஊர் ஊராக வியாபாரம் செய்தார்.

இதைவிடச் சிறந்த ஆராய்ச்சி முறையை எந்த விளையாட்டு வடிவமைப்பாளர் கற்பனை செய்ய முடியும்? தேவை முதலில் வருகிறது, தொழில் பின்னால் வருகிறது. தொழில் இன்னொருவரின் கையில் இருக்கிறது, அவரிடம் போய்ப் பழகவேண்டும். தொழில் பரவினால் அதன் பெறுமதி குறைகிறது, ஆள் நகரவேண்டி வருகிறது. பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில் அந்தத் தொப்பிச் சந்தையைப்போல ஒன்றை வைத்தாலே போதும், முதலில் கற்றவனுக்கு ஏன் அவசரம், அவன் ஏன் இரகசியம் காக்கிறான், எப்போது கற்றுக்கொடுக்கிறான் என்று நூறு கதைகள் தாமாகப் பிறக்கும்.

அவருடைய மிகப் பெரிய ஆராய்ச்சி தப்பிக்கும் வழியைப் பற்றியது. புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் என்று பொதி கட்டிக்கொண்டு, ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரோடு வடக்குத் தாழ்நிலத்துக்கு வருடக்கணக்காகப் போய் வந்தார். வியாபாரம் என்பது வெளித்தோற்றம். எந்த ஊரில் காவல், எந்த மாதத்தில் தண்ணீர் வற்றும், யாரிடம் பேச்சுக் கொடுக்கலாம் என்பதெல்லாம் அந்த நடையில் சேர்ந்த அறிவு. கடைசியில் அனுராதபுரம் போய், மல்வத்து ஓயாவின் ஓரமாகவே காட்டுக்குள் இறங்கினார்கள். நாங்கள் அருவி ஆறு என்று சொல்வது அதைத்தான். தாளிப்பனை ஓலை கூடாரமாயிற்று. 1679 அக்டோபரில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். அவர்களின் வரைபடம் முழுவதும் நடையாலும் பேச்சாலும் திறந்தது. ஆராய்ச்சி மேசைக்கு அங்கே வேலையே இல்லை.

அறிவுக்கு இடமும் காலமும் உண்டு என்பதை விளையாட்டு செய்பவர்கள் கவனிப்பது குறைவு. இலங்கையின் தெற்கே சமனலவெவப் பகுதியில், மேற்கைப் பார்த்த மலைச்சரிவுகளில் பழைய இரும்பு உலைகளின் எச்சங்கள் வரிசையாகக் கிடைத்தன. ஆடி ஆவணியில் எங்கள் பக்கம் கச்சானாக வந்து முகத்தைச் சுடும் அதே தென்மேற்குக் காற்றுத்தான், துருத்தியின் வேலையைச் செய்து அந்த உலைகளை எரித்திருக்கிறது. கில் ஜுலெஃப் என்ற தொல்லியலாளர் அப்படி ஓர் உலையைத் திரும்பக் கட்டி, காற்றில் எரித்து, இரும்பு எடுத்துக் காட்டினார். அவருடைய கட்டுரை 1996 இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வந்தது. இதை ஒரு விளையாட்டில் நினைத்துப் பாருங்கள். ஆடுபவருக்கு உலை கட்டத் தெரியும், ஆனால் பள்ளத்தில் கட்டினால் எரியாது. சரிவைத் தேடி அலையவேண்டும். சரிவு கிடைத்தாலும் காற்று எழும் மாதம் வரை கரியையும் தாதுக்கல்லையும் சேர்த்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். அதுவும் காத்திருப்புத்தான், ஆனாலும் என் மருமகன் எழுந்து போகமாட்டான். வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

வேளாண்மையை இந்த விளையாட்டுகள் நடத்தும் விதம்தான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மண்ணைக் கொத்து, விதையைப் போடு, முளைத்துவிடும். தோப்பூரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்வான், விதைநெல்லை ஊறவைத்து, மூடி முளைகட்டி, சேறு மட்டமாகக் கிடக்கும் வயலில் அளவாக வீசவேண்டும் என்று. வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும் என்பது தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானைக்குத் தெரியும். வயலின் எந்த மூலையில் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும் என்பது அந்த வயலில் வருடக்கணக்காக நின்றவருக்குத்தான் தெரியும். வரம்பில் நின்று பார்த்து, ஒரு போகம் முழுக்கக் கூடவே நின்று கற்கும் அறிவு இது. நொக்ஸும் இப்படி நின்று பார்த்தவர்தான். ஊறவைத்த நெல் முளைப்பதையும், மாடு மிதித்துச் சூடடிப்பதையும் அவர் எழுதியிருப்பதை எங்கள் ஊர் மூத்தவர்களிடம் வாசித்துக் காட்டினால் தலையாட்டுவார்கள்.

உயிர்பிழைப்பது என்பது எங்களுக்கு விளையாட்டில் மட்டும் கண்ட விஷயமுமல்ல. 2006 இல் சண்டை மூண்டு, மூதூர்ப் பகுதி மக்களான நாங்கள், கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் ஓடினோம். அப்படி ஓடியவர்கள் எல்லாருக்கும் தெரியும், அங்கே முதல் பெறுமதி பொருளுக்கு இல்லை, ஆளுக்குத்தான். தறப்பாளை இழுத்துக் கட்டத் தெரிந்தவர் யார், ஈர விறகில் அடுப்பு மூட்டத் தெரிந்தவர் யார், காய்ச்சல் பிள்ளையைப் பார்க்கத் தெரிந்தவர் யார் என்றுதான் கேட்டுத் திரிந்தோம்.

நல்ல வழியில் போனவர்களையும் சொல்லவேண்டும். ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டுக்குள் செய்முறைப் புத்தகம் வந்தது 2017 இல்தான். அதற்கு முன்னால், எதை எதோடு சேர்த்தால் என்ன வரும் என்பதைப் பிள்ளைகள் தாங்களாகச் சோதித்தும், கூட்டாளிமாரிடம் கேட்டும் கற்றார்கள். அந்த விளையாட்டு பள்ளிக்கூடங்கள் தோறும் பரவியதற்கு அது பெரிய காரணம் என்பது என் எண்ணம். ‘வால்ஹெய்ம்’ விளையாட்டில் புதிய பொருளொன்றைக் கையால் எடுத்தால்தான் அதில் என்ன செய்யலாம் என்ற யோசனை பிறக்கும். ‘சப்நோட்டிக்கா’வில் கடலடியில் உடைந்து கிடக்கும் துண்டுகளைத் தேடிப் போய் ஆராயவேண்டும். மூச்சு முட்டும் ஆழத்தில் இருப்பதால் ஒவ்வொரு துண்டும் நினைவில் நிற்கும். ‘வின்டேஜ் ஸ்டோரி’யில் கல்லைச் சில்லுச் சில்லாகத் தட்டித்தான் கத்தி செய்யவேண்டும், களிமண்ணைப் படை படையாக வைத்துத்தான் பானை வனையவேண்டும். ‘ஃபக்டோரியோ’வில் ஆராய்ச்சிக்கான பொருட்களை உற்பத்தி செய்வதற்கே தொழிற்சாலை கட்டவேண்டியிருப்பதால், அங்கே ஆராய்ச்சியும் விளையாட்டும் ஒன்றாகிவிட்டன. அந்த வெற்றியை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

இதற்கு இரண்டு மறுப்பு வரும். எல்லாவற்றையும் கடினமாக்கினால் ஆடுபவர் களைத்துவிடுவார் என்பது ஒன்று. உண்மைதான், நூறு பொருளையும் இப்படிக் கற்கவேண்டியதில்லை. கயிறு திரிப்பதும் தடி சீவுவதும் பார்த்தவுடன் வரட்டும். நெருப்பு, இரும்பு, நெல், படகு, மருந்து என்று வாழ்க்கையைத் திருப்பும் நாலைந்து தொழில்களுக்கு மட்டும் இந்த மரியாதையைக் கொடுத்தால் போதும். மற்றது, எதையும் இணையத்தில் தேடிப் பார்த்துவிடுவார்கள் என்பது. அது இன்னும் பாரமான மறுப்பு. ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ விளையாட்டில் முன்னேற்றம் முழுவதும் ஆடுபவரின் அறிவுதான். அதனாலேயே ஒருமுறை முடித்தவர் அதே வியப்போடு மறுபடி ஆட முடியாது. உயிர்பிழைப்பு விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடவேண்டும் என்றால், இந்த உலகில் எந்தச் சரிவில் காற்று எழும், எந்தக் கிராமத்துக் கிழவிக்கு எந்த மருந்து தெரியும், அவர் யாரை நம்புவார் என்பவை ஒவ்வொரு முறையும் மாறவேண்டும். செய்முறையை இணையத்தில் எழுதி வைக்கலாம். கிழவியின் நம்பிக்கையை அங்கே எடுக்க முடியாது.

திருகோணமலை மாவட்டத்தில் மென்பொருள் படிக்கும் தம்பி தங்கச்சிமாரிடம் ஒன்று கேட்கிறேன். விளையாட்டு உருவாக்கும் ‘கோடோ’ மென்பொருள் இலவசம், உருவங்கள் செய்யும் ‘பிளெண்டர்’ இலவசம். கொட்டியாரக் குடாவில் பாய்மரம் இழந்த கப்பலோடு தொடங்கி அரிப்புக் கோட்டையில் முடியும் ஒரு விளையாட்டைத் தமிழிலும் சிங்களத்திலும் செய்யுங்கள். அதில் ஆராய்ச்சி மேசை வேண்டாம், மனிதர்களை வையுங்கள். நொக்ஸின் நூலும் குட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நான்கு பாகங்கள் கொண்ட நூல். பிடிபட்டதும் வாழ்ந்ததும் தப்பியதும் நான்காம் பாகத்தில் இருக்கின்றன. முதலில் அதை வாசியுங்கள்.