அந்த 3 கிலோமீட்டர் எங்கே இருக்கு?

கருந்துளை பத்தி தமிழ்ல வர்ற கட்டுரைகள்ல ஒரு வரி தவறாம வந்துடும். சூரியனை நசுக்கினா 3 கிலோமீட்டர் ஆரமுள்ள கருந்துளை ஆகிடும். சரி. அடுத்து, "அதாவது மையத்திலிருந்து விளிம்பு வரை 3 கிலோமீட்டர்"னு ஒரு விளக்கம். இந்த 'அதாவது'தான் எனக்கு ஆகாது.

மக்களே, அந்த 3 கிலோமீட்டர் தூரமே கிடையாது. சுற்றளவை இரண்டு பையால் வகுத்தா வர்ற எண், அவ்வளவுதான். சமன்பாட்டுல அதுக்கு 'ஆர்'னு பேர் வச்சதால எல்லாரும் ஆரம்னு நம்பிட்டோம். வேரியபிளுக்கு கண்டபடி பேர் வச்சா என்ன ஆகும்னு நம்ம தொழில்ல இருக்கிறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

"ரெண்டும் ஒண்ணுதானே?" தட்டையான தாள்ல ஒண்ணுதான். வளைஞ்ச பரப்புல இல்லை. வட துருவத்திலிருந்து ஒரு எறும்பு தரையோட ஊர்ந்து பூமத்திய ரேகைக்கு வந்தா சுமார் 10,000 கிலோமீட்டர். ரேகையைச் சுத்தி வந்தா 40,000. இதை இரண்டு பையால் வகுத்தா 6,400-க்குக் கொஞ்சம் குறைவாத்தான் வருது. எறும்புக்கு எது ஆரம், சொல்லுங்க?

நம்ம காலுக்குக் கீழேயும் இதே கதைதான். பூமியோட அடர்த்தி சீரா இருக்குன்னு வச்சுக்கிட்டா, மையம் வரைக்குமான தூரம் சுற்றளவுக் கணக்கை விட சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் அதிகம். சூரியனுக்கு அரை கிலோமீட்டர். ஃபெய்ன்மன் தன்னோட பாடத்துலயே இந்தக் கணக்கைப் போட்டிருக்கார். "பொதுமக்களுக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையா?"ன்னு கேக்கறவங்களுக்கு: இந்த வித்தியாசம்தாங்க வளைவு. அதை மறைச்சுட்டு அப்புறம் எதை விளக்கப்போறீங்க?

கருந்துளையில நிலைமை இன்னும் மோசம். உள்ளே போனா 'ஆர்' குறையறது நாளைக்குப் பொழுது விடியற மாதிரி, தவிர்க்கவே முடியாது. அது காலம் மாதிரி நடந்துக்குது. அதுல எங்கே டேப் பிடிப்பீங்க? அந்த 'ஆர்'-ஐ வச்சு கோளத்தோட கன அளவு கண்டுபிடிச்சு, நிறையை வகுத்து, "கருந்துளையின் அடர்த்தி இவ்வளவு"ன்னு எழுதறவங்களை என்ன சொல்ல!

இன்னொரு கூத்து. 1916-ல் ஷ்வார்ஸ்சைல்ட் எழுதின மூலக் கட்டுரையில 'ஆர்' வேற. அதுல விளிம்பு பூஜ்ஜியத்துல வரும். ஐசோட்ரோபிக் ஆயத்தொலைவுல முக்கால் கிலோமீட்டர். மூணு எண்ணும் ஒரே கருந்துளைக்குத்தான்! மாறாம நிக்கறது சுற்றளவு: சுழலாத கருந்துளைன்னா சுமார் 18.5 கிலோமீட்டர்.

அதை எழுதுங்க சாமிகளா. வட்டம் போட்டு, நடுவுலேர்ந்து அம்புக்குறி இழுத்து, '3 கி.மீ.'ன்னு மட்டும் போடாதீங்க.