கல்லூரி ஊழியக் குழுவின் ஆண்டு இலக்கு



டிசம்பர் 31ஆம் தேதி இரவு ஆராதனை முடிந்து சில நாட்களுக்குள், பெங்களூரிலுள்ள நம் சபைகள் பலவற்றில் கல்லூரி ஊழியக் குழுவினர் கூடுவார்கள். ஜெபித்தபின் ஒரு தாளில் அவ்வாண்டின் இலக்கை எழுதுவார்கள்: பத்துக் கல்லூரிகள், நூறு மாணவர்கள், ஐம்பது ஞானஸ்நானங்கள். விசுவாசத்தோடு எழுதப்பட்ட எண்களை நாம் குறைகூற வரவில்லை. ஆனாலும் மார்ச் மாதத்தில் அந்தத் தாள் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் யாருடைய வேதாகமத்திற்குள்ளோ மடிந்து கிடக்கிறது. குழுவினரோ சோர்ந்துபோயிருக்கிறார்கள். சிலர் எண்ணிக்கையை நிறைவேற்ற வேண்டும் என்ற நெருக்கத்தினால், ஒரு கூட்டத்தில் கை உயர்த்திய யாவரையும் இரட்சிக்கப்பட்டவர்களாகக் கணக்கிட்டு அறிக்கை கொடுக்கவும் துணிகிறார்கள். அப்படிக் கணக்கில் சேர்க்கப்பட்ட மாணவனை அடுத்த வாரம் சந்திக்க ஒருவரும் போவதில்லை. இது ஆத்துமாவைக் குறித்த காரியமாகையால், நாம் இதை இலேசாக எண்ணக் கூடாது.

அப்படியானால் இலக்கே வேண்டாமா? வேண்டும். வேதத்தில் கல்லூரி மாணவருக்கு மிகவும் அருகில் நிற்கிறவர் தானியேல். அந்நிய நகரத்திற்குக் கொண்டுபோகப்பட்டு, அந்நிய மொழியில், அரசனுடைய செலவில் மூன்று ஆண்டுகள் படிக்க நியமிக்கப்பட்ட வாலிபர் அவர். அவருடைய புத்தகத்தின் முதல் அதிகாரத்தை இன்று மறுபடியும் வாசித்துப் பாருங்கள். படிப்பின் தொடக்கத்திலேயே அவர் ஒரு தீர்மானம் செய்தார். அரசனுடைய போஜனத்தினால் தம்மைத் தீட்டுப்படுத்தாதிருப்பதே அந்தத் தீர்மானம். அதில் நண்பர் மூவர் அவரோடு நின்றார்கள். அதிகாரியிடம் அவர் பணிவாக அனுமதி கேட்டார். பத்து நாள் சோதித்துப் பார்க்கும்படி வேண்டிக்கொண்டார். மூன்றாண்டின் முடிவில் அரசன் அவர்களைச் சோதித்தபோது, கல்வியிலும் அவர்களுக்கு நிகரானவர் அங்கே காணப்படவில்லை. பாபிலோனில் இத்தனை பேரை மாற்றுவேன் என்று தானியேல் எழுதிவைத்ததாக நாம் வாசிப்பதில்லை. தம் கையில் இருந்ததைக் குறித்து அவர் தீர்மானித்தார். பலனைத் தேவன் தந்தார். நடுவதும் நீர் பாய்ச்சுவதும் ஊழியக்காரருடைய பங்கு, வளர்ச்சியோ தேவனுடைய செயல் என்று பவுலும் கொரிந்து சபைக்குப் போதித்தார் (1 கொரிந்தியர் 3). ஆகவே நம் பங்கிற்கு இலக்கு வகுப்போம். தேவனுடைய பங்கிற்காக ஜெபிப்போம். இதன்படி குழுவினர் கவனிக்கவேண்டிய நான்கு காரியங்களை எழுதுகிறேன்.

முதலாவது, காலம். ஊழியத்தின் ஆண்டை ஜனவரியில் தொடங்காதிருங்கள். ஜனவரியில் பல கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வு நடந்துகொண்டிருக்கும், அல்லது அப்போதுதான் முடிந்திருக்கும். முதலாண்டு மாணவர் இந்நகரத்திற்கு வந்து சேருவது பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரையுள்ள மாதங்களில்தான். அந்த முதல் சில வாரங்களில் யாருடைய நட்பு கிடைக்கிறதோ, அந்த நட்பே அவர்களைப் பல ஆண்டுகள் நடத்துகிறது. எனவே மே மாதத்தில் உபவாசித்து ஜெபித்து, ஜூன் மாதத்திற்குள் திட்டத்தை எழுதி முடியுங்கள். தேர்வு மாதங்களில் கூட்டங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பெயர்கள். எண்களுக்குப் பதிலாகப் பெயர்களை எழுதுங்கள். குழுவில் ஐந்து பேர் இருந்தால், ஒருவருக்கு மூன்று மாணவர் போதும். அவர்களைப் பெயர் சொல்லித் தினமும் ஜெபத்தில் தாங்கி, வாரம் ஒருமுறை சந்தித்து, வேதத்தில் ஒரு சுவிசேஷத்தையாவது அவர்களோடு வாசித்து முடிப்பதே இலக்காயிருக்கட்டும். ஐந்து பேர் மிகக் குறைவு என்று சொல்லாதிருங்கள். 1806ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐவர் வயல்வெளியில் ஜெபிக்கக் கூடினர். இடியும் மழையும் வரவே, ஒரு வைக்கோற்போரின் அருகே ஒதுங்கி, ஆசிய மக்களுக்குச் சுவிசேஷம் சேர வேண்டுமென்று ஜெபித்தனர். அந்த ஜெபத்தில் உண்டான தூண்டுதலால் 1810இல் ஒரு மிஷனெரி சங்கம் உருவாயிற்று. அச்சங்கத்தார் 1816இல் யாழ்ப்பாணத்திலும் 1834இல் மதுரையிலும் தமிழரிடையே ஊழியம் தொடங்கினர். அச்சங்கத்தின் ஊழியராக 1819இல் இலங்கைக்கு வந்த டாக்டர் ஜான் ஸ்கடரின் பேத்தியே, வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார். நம்மில் எத்தனை குடும்பங்கள் வேலூரில் சுகம் பெற்றிருக்கின்றன! ஜெபித்த அந்த ஐவரும் இதையெல்லாம் எண்ணியிருக்க முடியுமா?

மூன்றாவது, நடக்கை. குழுவிலுள்ள மாணவர் ஒருவரும் ஊழியத்தைக் காரணங்காட்டிப் பாடங்களில் தோல்வியடையாதிருப்பதும் ஓர் இலக்காக எழுதப்படட்டும். அரியர் வைத்திருக்கிற மாணவனின் சாட்சியை அவனுடைய வகுப்புத் தோழர் எப்படிக் கேட்பார்கள்? கல்லூரி வளாகத்திற்குள் கூடுவதானால் நிர்வாகத்தின் அனுமதி பெறுங்கள். பணமோ, பொருளோ, வேலை வாக்குறுதியோ காட்டி ஒருவரையும் அழைக்காதிருங்கள். பிற மார்க்கத்து நண்பர் கேட்க விரும்பாவிட்டால், அவருடைய மனதை மதித்து, நட்பை விடாதிருங்கள்.

நான்காவது, வழியனுப்புதல். நம் குழுக்கள் பெரிதும் தவறவிடுவது இதைத்தான். மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் உற்சாகமாய் ஊழியம் செய்த மாணவர், வேலை கிடைத்ததும் ஓயிட்ஃபீல்டுக்கோ ஹைதராபாத்திற்கோ போய், ஒரு சபையிலும் வேரூன்றாமல் பின்வாங்கிப்போகிறார்கள். 1954இல் உருவான யூ.இ.எஸ்.ஐ. என்னும் மாணவர் இயக்கம், கல்லூரிகளில் மாணவரே நடத்தும் ஐக்கியங்களோடு, படிப்பை முடித்தவர்களுக்கென்று பட்டதாரிகள் ஐக்கியத்தையும் நடத்திவருகிறது. அந்த ஒழுங்கிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம். இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரையும், அவர் போகும் ஊரிலுள்ள ஒரு சபையின் போதகருக்கு முன்கூட்டியே அறிமுகப்படுத்துங்கள். அவர் விட்டுச்செல்லும் பொறுப்பை ஏற்கும் இளைய மாணவரை ஓராண்டுக்கு முன்பே பயிற்றுவியுங்கள்.

பெற்றோரே, மூத்த விசுவாசிகளே, இந்தத் திட்டத்தில் உங்களுக்கும் பங்குண்டு. ஆம்பூரிலிருந்தோ, திருநெல்வேலியிலிருந்தோ, கோலார் தங்கவயலிலிருந்தோ பிழைப்பைத் தேடி இந்நகரத்திற்கு வந்தவர்கள் நாம். பாஷை புரியாத தெருவில், ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத முதல் ஞாயிற்றுக்கிழமை எப்படியிருந்தது என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம். இன்று அதே தனிமையில் ஏதோ ஒரு பி.ஜி. விடுதியின் அறையில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளையை ஆராதனைக்குப்பின் உங்கள் வீட்டுச் சாப்பாட்டிற்கு அழைப்பது, மேடையில் பிரசங்கிப்பதற்குக் குறைந்த ஊழியமல்ல. உங்கள் பிள்ளையும் நாளை வேறொரு நகரத்தில் அப்படி இருக்கக்கூடும் அல்லவா?

குழுத் தலைவரே, மாதத்தின் முதல் சனிக்கிழமையன்று பெயர்கள் எழுதிய தாளை எடுத்து வாசியுங்கள். யாரைச் சந்தித்தோம், யாரைச் சந்திக்கவில்லை என்று மாத்திரம் கேளுங்கள். ஆண்டின் முடிவில் போதகர் எண்ணிக்கை கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பதினைந்து பெயர்களில் ஒருவர் மாத்திரம் கர்த்தருக்குள் நிலைத்திருந்தாலும் அதை மகிழ்ச்சியோடு அறிவியுங்கள். மற்ற பதினான்கு பெயர்களையும் அடித்துவிடாமல், அடுத்த ஆண்டின் தாளில் முதலாவதாக எழுதிக்கொள்ளுங்கள்.

அறுப்புக்கு எஜமானாகிய கர்த்தர் உங்கள் குழுவைத் தம் ஆவியினால் நிரப்பி நடத்துவாராக. ஆமென்.