மாலைக் கலக்கமும் மின் ஊசியும்

இல்லத்து மருத்துவம்

சாலைப் பகுதியில் வாழும் அன்பர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். நாஞ்சில் நாட்டில் பிறந்து, மணமாகித் திருவனந்தபுரம் வந்தவர் அவருடைய தாயார். இப்போது அல்சைமர் நோயால் வருந்துகிறார். பகலில் அமைதியாக இருப்பவர், பொழுது சாய்ந்ததும், "என்னை வீட்டிற்குக் கொண்டுபோய் விடுங்கள்" என்று வாயிற்கதவைத் தட்டுகிறாராம்; தடுப்பவரை அடிக்கவும் கை ஓங்குகிறாராம். மின்சாரம் செலுத்தும் அக்குபங்சர் ஊசியால் இக்கலக்கம் தணியும் என்கிறார்களே, செய்து பார்க்கலாமா என்பது அன்பரின் வினா.

2005-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தன்மாத்ர' என்னும் மலையாளப் படத்தில், நம் நகரத்துத் தலைமைச் செயலக ஊழியர் ஒருவரை இந்நோய் பற்றுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். மறதி மட்டுமே நோய் அன்று. ஐயம், அலைச்சல், சினம் ஆகியவையும் அதன் கூறுகளே. தாயார் வேண்டுமென்று செய்கிறார் என்று எண்ணுதல் தவறு.

இனி ஊசியைப் பற்றிக் கூறுவோம். மெல்லிய ஊசிகளை உடலின் குறிப்பிட்ட இடங்களில் செருகி, அவற்றை இரண்டிரண்டாகக் கம்பியால் இணைத்து, மிகச் சிறிய மின் துடிப்புகளைச் செலுத்துவதே மின் அக்குபங்சர். சீனத்தில் அக்குபங்சர் பயின்ற டாக்டர் பி. கே. பாசு, 1959-இல் கல்கத்தாவில் அதனைத் தொடங்கினார். 2019-இல் மத்திய அரசும் அம்முறைக்கு ஏற்பு அளித்தது. எனினும், ஏற்பு வேறு. ஒரு குறிப்பிட்ட நோய்க்குப் பயன்படும் என்னும் சான்று வேறு. அல்சைமர் நோயாளரின் கலக்கத்தை மின் ஊசி தணிக்கும் என்று உறுதி கூறப் போதிய சான்று இன்னும் இல்லை. அன்றியும், கலங்கி நிற்கும் முதியவர் ஊசிகளுடன் அரைமணி நேரம் அசையாதிருப்பது எளிதன்று. இதயத்தில் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியவருக்கு இது ஆகாது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர் தம் மருத்துவரைக் கேளாமல் ஊசிக்கு உடன்படலாகாது.

அப்படியானால் மாத்திரை கொடுத்து உறங்க வைக்கலாமே என்பீர்கள். மனநோய்க்குரிய சில மருந்துகள் இம்முதியோரிடத்தில் மரண அபாயத்தை மிகுவிக்கின்றன என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2005-இலேயே எச்சரித்தது. மருத்துவர் தவிர்க்க முடியாதென்று கருதினால் மட்டுமே, சிறிதளவில், சில காலம் அவற்றைத் தருவார்.

ஆதலின் முதலில் காரணத்தைத் தேடுங்கள். மூட்டுவலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, பசி, உறக்கக் குறைவு, மங்கிய கண், கேளாச் செவி ஆகிய எதுவும் சொல்லத் தெரியாத வாயில் கூச்சலாக வெளிப்படும். மாலை இருளுமுன் விளக்கேற்றுங்கள். தொலைக்காட்சியின் இரைச்சலைக் குறையுங்கள். "இதுதானே வீடு" என்று வாதாடாமல், "பிறந்த வீட்டில் கிணறு எங்கே இருந்தது, அம்மா?" என்று கேட்டுச் சற்று உடன் நடவுங்கள்.

நம்மவர் சிறப்பாகக் கருத வேண்டியது ஒன்றுண்டு. பின்னாளில் கற்ற மொழி முந்தி நழுவ, தாய்மொழியே எஞ்சி நிற்பது இந்நோயாளர் பலரிடம் காணப்படுகிறது. ஐம்பது ஆண்டு மலையாளம் பேசியவரும், பணிப்பெண் மலையாளத்தில் குளிக்க அழைத்தால் அஞ்சக்கூடும். உண்ண, குளிக்க, உறங்க வேண்டிய பத்துத் தமிழ்ச் சொற்களை அப்பெண்ணுக்குக் கற்றுக்கொடுங்கள். இதற்குச் செலவும் இல்லை, கேடும் இல்லை.

அன்பர் தம் தாயாரை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் நரம்பியல் பிரிவிலோ காட்டி ஆலோசனை பெறுவாராக. இரவெல்லாம் விழித்திருக்கும் மருமகளுக்கும் வாரத்தில் ஒரு நாளேனும் ஓய்வு கொடுப்பாராக. காப்பவர் தளர்ந்தால் நோயாளருக்குத் துணை ஏது?